பத்திரிகைத் தொழிலுக்குக் கலாசாலைப் படிப்பு வேண்டுமா?

ஒவ்வோர் ஆண்டும் பரீட்சை முடிவுகள் வெளியாகி, கலாசாலைகளின் வாயில்களில் வாலிபர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கூட்டங்கூட்டமாகக் காத்து நிற்கும் காலத்தில், நமது காரியாலயத்துக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் பல வருவது வழக்கம். பத்திரிகைத் தொழிலில் புக ஆசைப்படும் பிள்ளைகள், "இத்தொழிலுக்கென்று சர்வகலாசாலையில் தனிப் படிப்பு இருக்கிறதாமே, அதில் சேரலாமா?" என்று கேட்கிறார்கள். பெற்றோர்களோ, "அதைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இவ்விரண்டுக்கும் அப்பால், ஒருவரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அப்படிப்பினால் நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதே அது. வைத்தியர் தவறினால் ஒரு நோயாளிக்குக் கேடு. வக்கீல் தவறினால் ஒரு கட்சிக்காரருக்கு நஷ்டம். பத்திரிகைக்காரர் தவறினாலோ, லட்சக்கணக்கான ஜனங்கள் பொய்யை மெய்யென்று நம்பி அன்றைய பொழுதைத் தொடங்குகிறார்கள். ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்வது நமது கடமையாகிறது.

பழைய ஆக்ஷேபம்

"பத்திரிகைத் தொழில் கற்பித்து வருவதன்று, நீந்துவதற்குப் புஸ்தகம் படிப்பாருண்டோ? தண்ணீரில் இறங்கினால் தானே வந்துவிடும்" என்பது பழைய பத்திராதிபர்கள் பலருடைய அபிப்பிராயம். இதற்கு அவர்கள் காட்டும் சாட்சிகளும் சாமானியமானவை அல்ல. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878-ஆம் ஆண்டில் ஐந்து நண்பர்களுடன் சேர்ந்து, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, "ஹிந்து" பத்திரிகையின் முதல் இதழை 80 பிரதிகள் அச்சிட்டு வெளியிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1882-இல், "சுதேசமித்திரன்" என்ற தமிழ்ப் பத்திரிகையை ஆரம்பித்தார். அவர் எந்தப் பத்திரிகைக் கலாசாலையில் படித்தார்? 1904-இல் அந்த மித்திரன் காரியாலயத்தில் உதவியாசிரியராக வந்தமர்ந்த சுப்பிரமணிய பாரதி எந்தப் பட்டம் பெற்று வந்தார்? 1917-இல் "தேசபக்த"னை நடத்த முன்வந்த திரு. வி. கல்யாணசுந்தர முதலியாருக்குப் பத்திரிகை நடையைக் கற்றுக்கொடுத்தவர் யார்? இப்படி அடுக்கடுக்காகக் கேட்கும்போது, கேட்பவர் வாயடைத்துப் போவது சகஜமே.

சாட்சிகள் உண்மையானவை, ஆனால் அவற்றிலிருந்து அவர்கள் காணும் முடிவு சரியானதன்று. ஊன்றிப் பார்த்தால் வேறொன்று புலப்படும். சுப்பிரமணிய ஐயர் திருவல்லிக்கேணியில் பள்ளிக்கூட உபாத்தியாயர். பாரதியார் மித்திரனுக்கு வருமுன் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பித்தவர். திரு. வி. க. சென்னை வெஸ்லி கலாசாலையில் தமிழாசிரியராயிருந்தவர். மூவரும் உபாத்தியாயத் தொழிலிலிருந்தே பத்திரிகைக்கு வந்தார்கள். இது தற்செயலாக நேர்ந்ததென்று நமக்குத் தோன்றவில்லை. தெரியாத விஷயத்தைத் தெரியாதவர்களுக்குத் தெரியும்படி சொல்வதே இரண்டு தொழில்களுக்கும் உயிர்நாடி. அவர்கள் ஒன்றும் கல்லாமல் வந்தவர்கள் அல்லர். கற்க வேண்டியதில் பாதியைக் கரும்பலகைக்கு முன்னால் நின்று கற்றுக்கொண்டு வந்தவர்கள்.

மற்றப் பாதியை மித்திரன் காரியாலயம் கற்பித்தது. இங்கிலீஷில் வரும் தந்திச் செய்திகளையும் தலைவர்களுடைய பிரசங்கங்களையும் தினந்தோறும் தமிழில் பெயர்த்தெழுதுவது பாரதியாருக்கு இடப்பட்ட வேலை. அதை மேற்பார்த்துத் திருத்த, தொழிலில் பழுத்த ஒரு பெரியவர் அருகிலிருந்தார். ஆகவே அதுவும் ஒரு கலாசாலைதான். கட்டடமும் பட்டமும் இல்லையே தவிர, ஆசானும் மாணாக்கரும் பாடமும் இருந்தன.

இன்று நிலைமை என்ன? அக்காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு முறை பத்திரிகை அச்சேறும். அச்சேறும் வரையில் திருத்துவதற்கு நேரமுண்டு. அச்சேறிய பிறகு கற்பிப்பதற்கும் நேரமுண்டு. இன்றோ கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் நிமிஷத்துக்கு நிமிஷம் செய்தி வெளியாக வேண்டியிருக்கிறது. புதிதாக வந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்த வாக்கியத்தில் என்ன பிழை, பார்" என்று சொல்ல எந்தப் பெரியவருக்கு அவகாசம் இருக்கிறது? அச்சுக்கூடத்து வாசலில் இருந்த திண்ணைப் பள்ளிக்கூடம் மூடப்பட்டுவிட்டது. ஆதலால், கலாசாலை வேண்டுமா, வேண்டாமா என்ற வாதம் காலங்கடந்தது. எப்படிப்பட்ட கலாசாலை வேண்டும் என்பதே இன்றைய வாதம்.

அமெரிக்காவின் அனுபவம்

இவ்வாதத்தை நமக்கு முன்பே நடத்திப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். அந்நாட்டு உள்நாட்டு யுத்தத்தில் தோல்வியுற்ற தென்னாட்டுச் சேனைத் தலைவர் ராபர்ட் லீ, யுத்தம் முடிந்தபின் வர்ஜீனியாவில் ஒரு கலாசாலையின் தலைவராக அமர்ந்தார். பத்திரிகைத் தொழிலில் புகும் வாலிபர்களுக்கு உபகாரச் சம்பளம் தரும் ஏற்பாட்டை அவர் 1869-இல் செய்தார். அது வேரூன்றவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1908 செப்டம்பரில், மிஸௌரி சர்வகலாசாலையில் பத்திரிகைக்கென்றே தனிக் கலாசாலை திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் வால்டர் வில்லியம்ஸ் என்ற பத்திராதிபர். அவர் சர்வகலாசாலையில் படித்தவரே அல்லர். படித்தவர்கள் செய்யத் துணியாததைப் படியாதவர் செய்து காட்டினார்.

அவர் கண்ட முறை மிகவும் எளியது. கலாசாலை திறந்த அன்றே மாணவர்கள் ஒரு பத்திரிகையை வெளியிட்டார்கள். கலாசாலைக்குள்ளேயே கைமாறும் விளையாட்டுப் பத்திரிகையன்று அது. ஊராருக்காக நடக்கும் பத்திரிகை. ஊரில் நடக்கும் வழக்கையும் விபத்தையும் நகரசபைக் கூட்டத்தையும் மாணவன் எழுத வேண்டும்; பிழையிருந்தால் மறுநாள் காலையில் ஊரார் வந்து கேட்பார்கள். ஆசிரியர் இடும் மதிப்பெண்ணுக்குப் பயப்படுவதைவிட, அடுத்த தெருவில் இருப்பவருடைய கோபத்துக்குப் பயப்படும் மாணவன் விரைவில் கற்றுக்கொள்கிறான். நூறாண்டுகளுக்குப் பின்னும் அம்முறை நீடித்து வந்திருப்பதே அதன் பெருமைக்குச் சான்று.

இரண்டாவது முயற்சி நியூயார்க் நகரில் கொலம்பியா சர்வகலாசாலையில் நடந்தது. ஹங்கேரியில் பிறந்து, இங்கிலீஷ் சரிவரத் தெரியாத பதினேழு வயது வாலிபராக அமெரிக்கக் கரையில் இறங்கி, பின்னர் "வோர்ல்ட்" பத்திரிகையின் அதிபராகப் பெருஞ்செல்வம் சேர்த்த ஜோசப் புலிட்ஸர், பத்திரிகைக் கலாசாலைக்கென இருபது லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தார். சகபத்திராதிபர்கள் பரிகசித்தார்கள். 1904-இல் அவர் ஒரு நீண்ட கட்டுரையால் விடையளித்தார். பிறவியினாலேயே ஒருவன் அடையக்கூடிய பதவி மூடன் என்ற பதவி ஒன்றுதான் என்ற கருத்துப்பட அவர் அதில் எழுதியது இன்றும் பலர் நினைவில் இருக்கிறது. அவர் 1911-இல் காலமானார். கலாசாலை மறு ஆண்டில் திறக்கப்பட்டது.

இதில் நமது கவனத்துக்குரிய அம்சங்கள் இரண்டு. முதலாவது, புலிட்ஸர் தாமே குற்றமற்றவர் அல்லர். 1898-இல் ஸ்பெயின் தேசத்துடன் அமெரிக்கா யுத்தம் தொடுத்த சமயத்தில், அவருடைய பத்திரிகையும் ஹெர்ஸ்ட் என்பவருடைய பத்திரிகையும் போட்டி போட்டுக்கொண்டு ஜனங்களின் ஆத்திரத்தைக் கிளப்பிவிட்ட சரித்திரத்தை யாரும் மறக்கவில்லை. தொழில் கெட்டால் எவ்வளவு தூரம் கெடும் என்பதை உள்ளேயிருந்து கண்டவர், அதற்குப் பரிகாரம் தேடினார் என்றே நாம் கொள்ளலாம். இரண்டாவது அம்சம் இதைவிட முக்கியமானது. ஹார்வர்டு சர்வகலாசாலையின் தலைவர் எலியட் என்பவர், பத்திரிகை நிர்வாகம், விளம்பரம், விற்பனை ஆகியவற்றையும் பாடத்திட்டத்தில் சேர்க்கலாமென்று யோசனை கூறினார். வியாபாரத்திலேயே கோடீசுவரரான புலிட்ஸர் அதை ஏற்கவில்லை. வியாபாரம் கற்பிக்க வேறு இடங்கள் உண்டு; இக்கலாசாலை சட்டம், சரித்திரம், பொருளாதாரம், புள்ளிவிவரம், ஒழுக்கம் ஆகியவற்றைக் கற்பித்து, பொதுஜன சேவைக்கு மனிதர்களைத் தயாரிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. இந்த வாதத்தை வாசகர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். நமது நாட்டு நிலைமையைப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

நமது நாட்டில் தோன்றிய விதம்

இந்தியாவில் பத்திரிகைக் கல்வி தேசிய இயக்கத்தின் மடியில் பிறந்த குழந்தை என்பது பலருக்குத் தெரியாது. அன்னி பெஸன்ட் அம்மையார் அடையாற்றில் நிறுவிய தேசிய சர்வகலாசாலையில் 1920-ஆம் ஆண்டு வாக்கில் பத்திரிகைப் பாடம் வைக்கப்பட்டது. மாணவர்கள் அவருடைய "நியூ இந்தியா" காரியாலயத்தில் நேரில் பயிற்சி பெற்றார்கள். அலிகாரில் 1938-இல் தொடங்கிய வகுப்பு நீடிக்கவில்லை. லாகூரில் பஞ்சாப் சர்வகலாசாலையில் 1941-இல் பி. பி. சிங் ஆரம்பித்த வகுப்புத்தான் நிலைத்தது. நிலைத்தது என்று சொன்னாலும், 1947-இல் நாடு பிரிந்தபோது, லட்சக்கணக்கான அகதிகளைப் போலவே அந்த வகுப்பும் லாகூரை விட்டு டில்லியில் வந்து தஞ்சம் புகுந்தது. பிறகு சண்டிகருக்குச் சென்றது. அதே 1947-இல் சென்னை சர்வகலாசாலை பத்திரிகைப் படிப்பை ஆரம்பித்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டும், சென்னையில் இப்படிப்பு தோன்றிய ஆண்டும் ஒன்றே. பின்னர்க் கல்கத்தா, மைசூர், நாகபுரி, ஹைதராபாத் என ஒவ்வொரு நகரமாக இப்படிப்பு பரவியது. 1965-இல் மத்திய சர்க்காரின் செய்தி ஒலிபரப்பு அமைச்சகத்தின் ஆதரவில் டில்லியில் இந்திய மக்கள் தொடர்புக் கழகம் அமைந்தது.

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. சர்க்காரைக் கேள்வி கேட்க வேண்டியவர்களை, சர்க்காரின் செய்தி இலாகாவே பயிற்றுவிக்கும் ஏற்பாட்டில் எப்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அங்கே நல்லாசிரியர்கள் இல்லையென்றோ, நல்ல மாணவர்கள் வெளிவரவில்லையென்றோ நாம் சொல்லவில்லை. ஆனால் 1975 ஜூன் 25-ஆம் தேதி இரவில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டு, டில்லியில் பத்திரிகை அச்சகங்களின் மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாடு கண்டிருக்கிறது. அடுத்த சில தினங்களில் தலையங்கத்துக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டே "இந்தியன் எக்ஸ்பிரஸ்" தன் எதிர்ப்பைத் தெரிவித்தது. அந்த வெள்ளைக் காகிதத்தை வாசிக்கத் தெரிந்தவனே பத்திரிகைக்காரன். அதை எந்தப் பரீட்சையிலும் கேட்பதில்லை.

ஏரியும் ஐந்து பக்கக் கட்டுரையும்

சில காலத்துக்கு முன் ஒரு கலாசாலையில் பத்திரிகை மாணவர்களின் கட்டுரைகளைப் பார்வையிட நாம் அழைக்கப்பட்டிருந்தோம். அவற்றுள் சிறந்ததென்று கொடுக்கப்பட்டது, ஊர் ஏரி ஒன்று ஆக்கிரமிக்கப்பட்டதைப் பற்றிய கட்டுரை. ஐந்து பக்கம். நடை அழகாகவே இருந்தது. ஏரியின் பழைய அழகை வர்ணித்திருந்தார்கள். பறவைகள் வராமற்போனதற்குக் கண்ணீர் விட்டிருந்தார்கள். மனிதனுடைய பேராசையைக் கண்டித்திருந்தார்கள். நாம் எழுதிய மாணவரை அழைத்து நான்கு கேள்விகள் கேட்டோம். ஏரியின் சர்வே நம்பர் என்ன? சர்க்கார் தஸ்தாவேஜில் அதன் பரப்பளவு எவ்வளவு? இப்போது அங்கே வீட்டு மனைகளுக்குப் பட்டா வழங்கப்பட்டிருக்கிறதா, இல்லையா? கிராம நிர்வாக அலுவலர் என்ன சொன்னார்? மாணவர் தலைகுனிந்தார். அலுவலரைப் பார்க்கவேயில்லை என்றார். "பார்க்க வேண்டுமென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, ஐயா" என்றார்.

அம்மாணவர்மேல் நமக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அவருடைய பாடத்திட்டத்தில் மேனாட்டுத் தொடர்பியல் சித்தாந்தங்கள் எல்லாம் இருந்தன. காமிராவைக் கையாளும் வித்தை இருந்தது. விளம்பரம் எழுதும் பாடம் இருந்தது. கம்பெனிகளுக்கு மக்கள் தொடர்பு வேலை செய்யும் பாடமும் இருந்தது. தாலுகா காரியாலயத்துக்குள் நுழைந்து ஒரு தஸ்தாவேஜைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பாடம் மாத்திரம் இல்லை. அந்த ஏரியை அபகரித்தவர்கள் அக்கட்டுரையைப் படித்திருந்தால் சிரித்திருப்பார்கள். நான்கு விவரங்கள் மட்டும் இருக்கும் நான்கு வரிச் செய்தியாயிருந்தால், அவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வந்திராது.

பழைய பத்திரிகைக் கல்வி நாளடைவில் "ஊடகக் கல்வி" என்றும் "காட்சித் தொடர்பியல்" என்றும் பெயர் மாறி விரிந்தபோது நேர்ந்த விபரீதம் இதுவே. சினிமாவும் விளம்பரமும் தொலைக்காட்சியும் கற்கத் தகாதவை என்று நாம் சொல்லவில்லை. அவை கௌரவமான தொழில்கள். அவற்றால் பல பிள்ளைகள் பிழைக்கிறார்கள். ஆனால் ஒரு சரக்கைப் புகழ்வதற்குச் சம்பளம் வாங்கும் தொழிலையும், அச்சரக்கில் கலப்படம் இருக்கிறதா என்று விசாரிக்கும் தொழிலையும் ஒரே கூரையின்கீழ், ஒரே ஆசிரியர், ஒரே பாடமாக வைத்தால், மாணவனுடைய மனத்தில் எது மேலோங்கும்? சம்பளம் அதிகமுள்ளதே மேலோங்கும். 1904-இல் புலிட்ஸர் பயந்தது இதற்காகவே. நாம் அவர் அஞ்சிய பாதையில் நெடுந்தூரம் வந்துவிட்டோம்.

கற்பிக்க வேண்டியவை

அப்படியானால் என்ன கற்பிக்க வேண்டும்? முதலாவது, சட்டம். திலகர் 1908-இல் "கேஸரி" கட்டுரைகளுக்காக ஆறு வருஷ தண்டனை பெற்று மாந்தளைக்குச் சென்றதும், காந்தியடிகள் 1922-இல் "யங் இந்தியா" கட்டுரைகளுக்காக ஆறு வருஷ தண்டனை பெற்றதும், 1870-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124-ஏ என்ற ஒரே பிரிவினால்தான். அப்பிரிவு விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் புஸ்தகத்தில் இருந்தது. 2022-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய நியாய சங்கிதையில் வேறு உருவத்தில் 152-ஆம் பிரிவு இருக்கிறது. அவதூறுச் சட்டம் அதே சங்கிதையில் 356-ஆம் பிரிவு. இவற்றின் எல்லை எது என்று அறியாத நிருபர் இருவிதத்தில் கெடுகிறார்: ஒன்று, அறியாமல் வழக்கில் மாட்டிக்கொள்கிறார், அல்லது, எழுதக்கூடியதையும் பயந்து எழுதாமல் விட்டுவிடுகிறார். இரண்டாவது கேடு முதலாவதைவிடப் பெரிது.

பயத்தை மட்டுமன்றி உரிமையையும் மாணவர்கள் கற்க வேண்டும். சென்னை சர்க்கார் "கிராஸ் ரோட்ஸ்" என்ற வாரப்பத்திரிகையை மாகாணத்துக்குள் வரவொட்டாமல் தடுத்தபோது, 1950-இல் சுப்ரீம் கோர்ட்டு அத்தடையைச் செல்லாதென்று தீர்த்தது. 1987-இல் "ஆனந்த விகடன்" ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனை ஒரு கேலிச்சித்திரத்துக்காகத் தமிழ்நாட்டுச் சட்டசபை சிறைக்கு அனுப்பியது. நாடெங்கும் கிளம்பிய கண்டனத்தினால் சில தினங்களுக்குள்ளேயே அவர் விடுதலையானார். 1994-இல் "நக்கீரன்" வழக்கில், ஒரு செய்தி வெளியாகுமுன்பே அதைத் தடுக்கும் அதிகாரம் சர்க்காருக்கு இல்லையென்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. இம்மூன்றும் நமது மண்ணில் நிகழ்ந்தவை. மேனாட்டு அறிஞர்களின் பெயர்களை ஒப்பிக்கும் மாணவர் எத்தனை பேர் இவற்றை அறிவார்கள்?

இரண்டாவது, கணக்கு. ஒரு பஞ்சாயத்தின் வரவுசெலவைப் படித்து, சாலைக்கென்று ஒதுக்கிய தொகையும் போட்ட சாலையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கத் தெரியாதவருக்கு எவ்வளவு நடையழகு இருந்தும் பயனில்லை. பத்து சதவிகிதத்திலிருந்து பதினைந்து சதவிகிதமாக ஏறியதை "ஐந்து சதவிகித உயர்வு" என்று எழுதும் பிழையை நாம் தினந்தோறும் காண்கிறோம். மூன்றாவது, தஸ்தாவேஜு. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதிப் பதில் வாங்குவதும், வராவிட்டால் அப்பீல் செய்வதும் ஒவ்வொரு மாணவரும் பட்டம் பெறுமுன் ஒரு முறையேனும் செய்து பார்க்க வேண்டிய காரியம். நான்காவது, விசாரணை. கைப்பேசியில் வந்த படம் எந்த ஊரில், எந்த நாளில் எடுக்கப்பட்டதென்று சோதித்தறியாமல் வெளியிடுவது, கிணற்றுத் தண்ணீரைப் பார்க்காமல் ஊருக்கு ஊற்றுவதற்கு ஒப்பாகும். யந்திரமே கட்டுரை எழுதும் காலம் வந்துவிட்ட பிறகு இது இன்னும் அவசியமாகிறது. யந்திரம் வாக்கியம் எழுதும்; தாலுகா காரியாலயத்துப் பெஞ்சியில் மூன்று மணி நேரம் காத்திராது.

தமிழில் படிக்காத தமிழ் நிருபர்

தமிழ்ப் பத்திரிகைகளில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு, பல இடங்களில் பாடம் இங்கிலீஷில் நடக்கிறது. பரீட்சையும் இங்கிலீஷில், புஸ்தகமும் இங்கிலீஷில். படித்து முடித்து வந்தவுடன், "இதைத் தமிழில் நாலு வரி எழுது" என்றால் தடுமாறுகிறார்கள். இதில் அவர்கள் குற்றம் என்ன? பாரதியார் செய்த வேலையின் சாரமே மொழிபெயர்ப்பு. இன்றும் டில்லியிலிருந்தும் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வரும் செய்திகள் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே வருகின்றன. தமிழ்க் காரியாலயத்தில் யாரோ ஒருவர் உட்கார்ந்து அவற்றைத் தமிழாக்கத்தான் வேண்டும். அவ்வேலைக்கு வகுப்பில் எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுக்கப்படுகிறது? கோர்ட்டுத் தீர்ப்பையும் வரவுசெலவுத் திட்டத்தையும் உழவருக்கும் நெசவாளிக்கும் விளங்கும் தமிழில் எழுதுவது ஒரு வித்தை. வாசகரை மிரட்டும் தமிழும் தமிழன்று. பாதி இங்கிலீஷைத் தமிழெழுத்தில் அள்ளி இறைப்பதும் தமிழன்று. இவ்வித்தைக்குத் தமிழில் நல்ல பாடப்புஸ்தகங்கள் எழுதுவிப்பதைச் சர்வகலாசாலைகள் முதற் கடமையாகக் கொள்ள வேண்டும்.

வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது?

இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. சர்க்கார் சர்வகலாசாலைகளில் சம்பளம் குறைவு. ஆனால் காரியாலயங்கள் தேடிவந்து ஆள் எடுக்கும் தனியார் பயிற்சி நிலையங்கள் சிலவற்றில் ஓர் ஆண்டுப் படிப்புக்குச் சில லட்சம் ரூபாய் செலவாகிறது. அவ்வளவு பணத்துக்கு நிலத்தை விற்கும் விவசாயியின் மகள் எங்கே போவாள்? படிப்பு வியாபாரமாகும்போது, நகரத்தில் வசதியாக வாழும் குடும்பங்களின் பிள்ளைகளே பத்திரிகைகளில் நிரம்புவார்கள். பிறகு சேரியில் தண்ணீர் வராதது செய்தியாகாது. நகரத்து வீதியில் வண்டிகள் நெருக்கியது தலைப்புச் செய்தியாகும். இதில் எவருடைய கெட்ட எண்ணமும் இல்லை. கண்ணுக்குத் தெரிவதைத்தானே எழுத முடியும்? ஆகவே, பத்திரிகைக் கலாசாலையில் யார் சேர்கிறார்கள் என்பதைப் பொறுத்தே நாளைய பத்திரிகையில் யாருடைய துயரம் இடம்பெறும் என்பது முடிவாகிறது.

பத்திரிகை முதலாளிகளின் குற்றத்தையும் மறைக்க நமக்கு உரிமையில்லை. பயிற்சிக்கென வரும் மாணவர்களை மாதக் கணக்கில் சம்பளமின்றி வேலை வாங்கிக்கொண்டு, கடைசியில் ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வழக்கம் பல காரியாலயங்களில் இருக்கிறது. உழைப்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டுமென்று தினந்தோறும் தலையங்கம் எழுதுகிறோம். அந்த உபதேசம் முதலில் நமது வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரட்டும்.

நமது பதில்

கடிதம் எழுதிய வாலிபர்களுக்கு நாம் சொல்வது இதுதான். கலாசாலையில் சேருங்கள், ஆனால் சேருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அங்கே மாணவர்கள் ஊரார் வாங்கிப் படிக்கும் பத்திரிகை எதையாவது நடத்துகிறார்களா? கற்பிப்பவர்களில் ஒருவராவது காரியாலயத்திலோ களத்திலோ பல ஆண்டுகள் வேலை செய்தவரா? நீங்கள் எழுதப்போகும் மொழியில் உங்களுக்குப் பாடம் நடக்கிறதா? மூன்றுக்கும் இல்லையென்ற பதில் வந்தால், அப்பணத்தை மிச்சப்படுத்தி, சரித்திரமோ, பொருளாதாரமோ, சட்டமோ படியுங்கள். உங்கள் ஜில்லாவிலுள்ள பத்திரிகை நிருபர் ஒருவரிடம் மாலை வேளைகளில் போய்ப் பழகுங்கள். எந்தக் கலாசாலையில் சேர்ந்தாலும், உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தின் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டு வாங்கிப் படிப்பதை முதல் பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்கும்போது உங்களுக்கு என்ன பதில் கிடைக்கிறதோ, அதுவே இரண்டாவது பாடம்.

பெற்றோர்களுக்கும் ஒளிக்காமல் சொல்கிறோம். இத்தொழிலில் சோறு கிடைக்கும். பால்சோறு கிடைப்பது அரிது. வேலை நிரந்தரம் என்ற உறுதியும் இக்காலத்தில் இல்லை. இதை அறிந்த பின்னும் உங்கள் பிள்ளை, "எனக்கு இதுதான் வேண்டும்" என்று சொன்னால், தடுக்காதீர்கள்.

சர்வகலாசாலைகளை நடத்துகிறவர்களுக்கு நமது விண்ணப்பம் ஒன்றே. ஒவ்வோர் ஆண்டும் நீங்கள் பட்டமளித்து அனுப்பும் பிள்ளைகளில் பத்துப் பேராவது, ஏரியின் அழகைப் பாடாமல், அதன் சர்வே நம்பரைக் கேட்பவர்களாக இருக்கட்டும். ஒன்றே முக்கால் ரூபாய்க் கடனில் 80 பிரதிகள் அச்சிட்டவர்கள் சாம்ராஜ்ஜியம் ஒன்றையே கேள்வி கேட்டார்கள். அவர்களைவிட நூறு மடங்கு வசதி படைத்த நாம், ஒரு தாலுகா காரியாலயத்தைக் கேள்வி கேட்கவாவது கற்றுக்கொடுக்கக் கூடாதா?